பதினான்கு மாத ஐ.சி.யு. பணியும் நான் எழுதி வைக்காத குறிப்புகளும்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 2022 ஜூன் இறுதி முதல் 2023 ஆகஸ்ட் இறுதி வரை நான் செவிலியராகப் பணியாற்றினேன். அந்தப் பதினான்கு மாதங்களில் உடன் பணிபுரிந்தவர்களாலேயே நான் பட்ட துன்பத்தை அம்மாவிடம்கூட முழுமையாகச் சொன்னதில்லை. சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்து, மதுரையில் ஐ.சி.யு. வேலை கிடைத்திருக்கிறது, ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா அக்கா என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியவள் இரண்டு மணி நேரம் பேசினேன். எனக்கு அன்று இப்படி யாரும் சொல்லவில்லையே என்ற வருத்தத்தில் அதை இங்கே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையும் அங்கிருந்தவர்களின் பெயர்களையும் எழுதப்போவதில்லை.

எனக்குச் சோழவந்தானுக்கு அருகில் ஒரு சிற்றூர். அம்மா வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு இலை கிள்ளி என்னைப் படிக்க வைத்தார். பி.எஸ்சி. நர்சிங் முடித்தபின் திருமங்கலத்தில் ஒரு சிறிய மருத்துவமனையின் பொது வார்டில் ஓராண்டு வேலை பார்த்தேன். ஐ.சி.யு. அனுபவம் இருந்தால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று எல்லாரும் சொன்னதால், மாதம் 16,000 ரூபாய்ச் சம்பளத்தில் மதுரை வேலையை ஏற்றுக்கொண்டேன். சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரை அனைத்து ஒரிஜினல்களையும் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் பணியாற்றுவேன், இடையில் விலகினால் 75,000 ரூபாய் கட்டுவேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். அந்தப் பாண்டின் நகலைக் கேட்க வேண்டும் என்றோ, கொடுத்த சான்றிதழ்களுக்கு ரசீது வாங்க வேண்டும் என்றோ எனக்குத் தோன்றவில்லை. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அந்த அறையிலிருந்து வெளியே வந்தேன்.

முதல் இரண்டு வாரங்கள் ஏச்சு இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஐ.சி.யு.வில் ஒரு சிறு பிழைகூட உயிரைப் பறிக்கும் என்பதால் மூத்தவர்கள் கண்டிப்பாக இருப்பதை நான் இன்றும் சரியென்றே நினைக்கிறேன். திருமங்கலத்தில் எனக்கு மேலிருந்த அக்காவும் கடுமையாகத் திட்டுவார். ஆனால் திட்டிய கையோடு என் கையைப் பிடித்து ஊசியை எந்தக் கோணத்தில் ஏற்ற வேண்டும் என்று காட்டுவார். மதுரையில் பொறுப்பு சிஸ்டர் திட்டியபோது நான் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. நோயாளியின் உறவினர்களும் அட்டெண்டர்களும் நிற்கும்போது "உனக்கெல்லாம் யாரு டிகிரி குடுத்தது?" என்பார். எது தவறு என்று கேட்டால், "அதுகூடத் தெரியாதா?" என்று நகர்ந்துவிடுவார். கண்டிப்புக்கும் கொடுமைக்கும் வேறுபாடு தெரியாமல் குழம்பும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடிய அளவுகோல் இதுதான்: திட்டு வாங்கி முடித்தபின் அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், அந்தத் திட்டு நோயாளிக்காகத் திட்டியது அன்று.

மூன்றாவது வாரத்தில் மதியச் சாப்பாட்டின்போது எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது என்று அம்மா சிறு வயதிலேயே சொல்லியிருந்ததால் உண்மையைச் சொன்னேன். அதுவரை டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்டவர்கள், அடுத்த நாளிலிருந்து நான் உட்காரும் நேரத்தில் எழுந்தார்கள். யாரும் தடை போடவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வேலைப் பங்கீட்டிலும் அது தெரியத் தொடங்கியது. வயிற்றுப்போக்கு உள்ள நோயாளியைச் சுத்தம் செய்வதும், இறந்தவரின் உடலைக் கழுவி, குழாய்களை அகற்றி, கட்டி அனுப்புவதும் எந்தப் படுக்கையாக இருந்தாலும் என்னைத் தேடி வந்தன. இவை செவிலியரின் வேலைகள்தாம்; இவற்றைச் செய்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இறந்தவரின் உடலை மரியாதையோடு அனுப்புவதை நான் பெரிதாகவே கருதுகிறேன். ஆனால் உடைமாற்றும் அறையில் "அதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான்" என்று ஒருவர் சொன்னதையும் மற்றவர்கள் அமைதியாக இருந்ததையும் கேட்டேன். அன்றிரவு விடுதிக்குப் போய் வெகுநேரம் குளித்துக்கொண்டே இருந்தேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகார் கொடுக்கலாமா என்று பின்னாளில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். 1989ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது குற்றமாக வேண்டுமானால், அது பொதுமக்களின் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும், சாட்சி சொல்ல ஒருவராவது வேண்டும் என்று அவர் விளக்கினார். அந்த அறையில் இருந்த எவரும் எனக்காகச் சாட்சி சொல்லப்போவதில்லை. எந்த நாள், எத்தனை மணி என்றுகூட எனக்கு நினைவில்லை. ஆகவே அந்த வழியை நான் விட்டுவிட்டேன். இதே நிலையில் இருக்கும் ஒருவர், அன்றன்று நடந்ததைச் சொன்ன சொற்கள் மாறாமல், தேதியும் நேரமும் உடனிருந்தவர்களும் குறித்து எழுதி, தம் சொந்த மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தால், குறைந்தது எப்போது எழுதப்பட்டது என்பதற்காவது சான்று இருக்கும். நோயாளியின் சார்ட்டைப் படம் எடுக்கவோ நோயாளியின் பெயரை எழுதவோ கூடாது. படுக்கை எண்ணை மட்டும் குறித்தால் போதும். இல்லாவிட்டால் அந்தப் படமே உங்கள்மீது நடவடிக்கை எடுக்கக் காரணமாகிவிடும்.

இனி எழுதப்போவது எனக்கு மிகவும் கடினமான பகுதி. 2023 ஜனவரியில் ஒரு நைட் டியூட்டியில் என் பொறுப்பில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் மூன்று பேர். வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதுதான் இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. மூவரில் ஒருவருக்கு இரத்தத்தில் தொற்று பரவி, நார்அட்ரினலின் மருந்தால்தான் இரத்த அழுத்தம் நின்றுகொண்டிருந்தது. அந்த மருந்தின் செயல் உடலில் ஓரிரு நிமிடங்களில் தேய்ந்துவிடும் என்பதால், சிரிஞ்ச் தீரும் முன்பே இரண்டாவது பம்பில் (சிரிஞ்சிலுள்ள மருந்தைச் சீராகச் செலுத்தும் கருவி) புதிய சிரிஞ்சை ஓடவிட்டு, அது சீராக இறங்கத் தொடங்கியபின் பழையதை நிறுத்த வேண்டும். எனக்கு இது பாடமாகத் தெரியும். கையால் செய்து பழக்கமில்லை. அதற்கு முந்தைய வாரம் இதே மாற்றத்தைப் பற்றி ஒரு மூத்த சிஸ்டரிடம் கேட்டபோது, அவர் பக்கத்துப் படுக்கை நோயாளியின் மகனைப் பார்த்து, "இவங்களை நம்பித்தான் உங்க அப்பாவை விட்டிருக்கீங்க" என்று சொல்லியிருந்தார். அந்த அவமானம் என் மனதில் அப்படியே இருந்தது. அன்றிரவு உதிரி பம்பு கண்ணில் படவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை. ஓடிக்கொண்டிருந்த பம்பிலேயே பழைய சிரிஞ்சை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். மானிட்டரில் 110 இருந்த அழுத்தம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 60க்குக் கீழே இறங்கியது. அப்போதுதான் கத்தினேன். டியூட்டி டாக்டர் ஓடி வந்து மருந்தின் வேகத்தைக் கூட்டினார். நான்கைந்து நிமிடங்களில் அழுத்தம் திரும்பியது. நோயாளி பிழைத்தார், பத்து நாள் கழித்து வார்டுக்கும் மாற்றப்பட்டார். அது என் தவறு என்பதை நான் மறைக்கவில்லை. இன்றும் அந்த எண் இறங்கியது கனவில் வருகிறது. ஆயினும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. கேட்க முடியாத நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர்கள், அந்த நோயாளிக்கு என்ன செய்தோம் என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. ஐ.சி.யு.வில் ஒரு செவிலியரை அச்சத்தில் வைத்திருப்பதன் விலையை அந்தச் செவிலியருக்கு முன்பாகப் படுக்கையில் கிடப்பவர் கொடுத்துவிடுகிறார்.

காலையில் அடுத்த டியூட்டிக்காரரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் முடிந்து நான் நின்றுகொண்டிருக்கும்போதே இன்சிடென்ட் ரிப்போர்ட் தயாராகிவிட்டது. வேறொருவர் எழுதியிருந்தார். கவனக்குறைவால் மருந்து தடைப்பட்டது என்று இருந்ததே தவிர, நான் மூன்று பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றோ, உதிரி பம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லை என்றோ ஒரு வரியும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற களைப்பிலும் அழுகையிலும் அதில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆறு மாதம் எதற்கெடுத்தாலும் அந்தத் தாள் வெளியே எடுக்கப்பட்டது. "கவுன்சிலுக்கு எழுதினா உன் ரெஜிஸ்ட்ரேஷனே போயிரும்" என்று பயமுறுத்தினார்கள். ஒரு மருத்துவமனை நிர்வாகம் தானாக எவருடைய பதிவையும் நீக்கிவிட முடியாது, கவுன்சில்தான் விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் இதில் சிக்கினால், வேறொருவர் எழுதியதில் உடனே கையெழுத்திடாதீர்கள். டியூட்டி முடிவதற்குள் உங்கள் கையால் நீங்களே எழுதுங்கள்: எத்தனை நோயாளிகள், எத்தனை பம்புகள், எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எந்த மருத்துவருக்கு எப்போது தெரிவித்தீர்கள், நோயாளி எப்போது பழைய நிலைக்கு வந்தார். உங்கள் பிழையையும் மறைக்காமல் எழுதுங்கள். கொடுக்கும்போது நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால், அதே நாளில் நர்சிங் சூப்பிரண்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

அதன்பின் ரோஸ்டர் என்னும் டியூட்டிப் பட்டியல்தான் அவர்களுக்கு வசதியாக அமைந்தது. தொடர்ந்து பத்து நைட் டியூட்டி போடுவார்கள். ஆஃப் கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். 2023 சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய நாளன்று, இரவு முழுவதும் வேலை செய்த என்னைக் காலை டியூட்டிக்கும் நிறுத்திக்கொண்டார்கள். ரோஸ்டர் சுவரில் ஒட்டப்படும் தாள். அதில் எவருடைய அந்தரங்கமும் இல்லை. மாதந்தோறும் அதைக் குறித்து வைத்திருந்தால், எனக்கு எத்தனை இரவுகள், மற்றவர்களுக்கு எத்தனை இரவுகள் என்று எண்ணிக் காட்டியிருக்கலாம். கொடுமைப்படுத்தினார்கள் என்று வாயால் சொல்வதைவிட அந்த எண்ணிக்கை பேசியிருக்கும். நர்சிங் சூப்பிரண்டிடம் நான் வாய்மொழியாக இரண்டு முறை முறையிட்டேன். இரண்டு முறையும் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார். பின்னர் நான் முறையிடவே இல்லை என்று சொல்லிவிட்டார்.

என் உடல் என்னைவிட முன்னதாக விழித்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் வாந்தி வரும். தூக்கம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. வயிற்று வலிக்கென்று பார்த்த மருத்துவருக்கும் மாத்திரைக்கும் 6,500 ரூபாய் செலவானது. சம்பளத்தில் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் செய்துகொண்டிருந்தும், அட்டையை எடுத்துக்கொண்டு போய் இலவசமாகப் பார்த்திருக்கலாம் என்ற எண்ணமே வரவில்லை. ஜூலை மாதத்தில் ஒருநாள், மருந்து அலமாரியின் முன் நின்றபோது எனக்கு வரக் கூடாத ஓர் எண்ணம் வந்தது. அன்று விடுதி மொட்டை மாடியிலிருந்து 14416 என்ற எண்ணுக்குப் பேசினேன். அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் அது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மறுமுனையில் இருந்தவர் அறிவுரை எதுவும் சொல்லாமல் முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். வேலையை விட வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்த வாரத்தில்தான். மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில் வேலை செய்யும் நமக்கு அந்த எண்ணம் வந்தால், ஒரு டியூட்டிகூடத் தாமதிக்காமல் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

என்னோடு சேர்ந்த இன்னொரு பெண்ணின் துன்பம் வேறு வகையானது. நிர்வாகப் பிரிவில் இருந்த ஒருவர் அவளுக்கு இரவில் குறுஞ்செய்திகள் அனுப்பினார். அவள் பதில் சொல்லாதபோது விடுப்பு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. பயத்தில் செய்திகளை அழித்துவிட்டாள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு அமைக்கப்பட்ட ஆணையை எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. எங்கள் மருத்துவமனையில் கைகழுவும் முறை பற்றிய பலகை பத்து இடங்களில் இருந்தது. இது ஓரிடத்திலும் இல்லை. நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும். அதுவரை இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். புகாரே முதலாளிமீது என்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். இதையெல்லாம் நாங்கள் அறிந்தபோது எட்டு மாதம் ஓடிவிட்டது. அவள் இப்போது செவிலியர் வேலையிலேயே இல்லை.

நான் ஆகஸ்டில் விலகினேன். 75,000 ரூபாயைக் கட்டிவிட்டுச் சான்றிதழ்களை வாங்கிக்கொள் என்றார்கள். அந்த மாதச் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஒரிஜினல் இல்லாமல் வேறெங்கும் சேர முடியவில்லை. செப்டம்பரில் தனியாக ஒரு வழக்கறிஞர் மூலம் 5,000 ரூபாய் கொடுத்து நோட்டீஸ் அனுப்பினேன், பதிலே வரவில்லை. அக்டோபரில் அம்மாவின் தோட்டைக் கூட்டுறவுச் சங்கத்தில் 25,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒருவர், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ என்றார். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும் இடம் அது. 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். முதலிலேயே அங்கே போயிருந்தால் ஐயாயிரமும் ஒரு மாதமும் மிஞ்சியிருக்கும். அங்கே இருந்த வழக்கறிஞர் இரண்டு செய்திகளைச் சொன்னார். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பாண்டில் எவ்வளவு எழுதியிருந்தாலும், நீதிமன்றம் அதை உச்ச வரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கச் சொல்லும். எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. ஆணைக்குழுவின் அழைப்புக் கடிதம் போனபின் மூன்றாவது சமரச அமர்வில், டிசம்பர் முதல் வாரத்தில், எல்லாச் சான்றிதழ்களும் அனுபவச் சான்றிதழும் என் கைக்கு வந்தன. ஆகஸ்ட் சம்பளத்தை நான் விட்டுக்கொடுத்தேன். போராடியிருந்தால் அதுவும் கிடைத்திருக்கும் என்று வழக்கறிஞர் சொன்னார். எனக்கு இன்னொரு மாதம் காத்திருக்கத் தெம்பில்லை. சம்பளம் 16,000, வேலையில்லாத மூன்று மாதம் 48,000, நோட்டீஸ் 5,000, மருத்துவம் 6,500 என்று கூட்டினால் 75,500 ரூபாய். பாண்டுப் பணத்தைக் கட்டியதற்குச் சமமாகவே இழந்திருக்கிறேன். தோட்டை 2024 மே மாதத்தில் மீட்டோம்.

சமரசத்தில் நான் மறந்துபோனது பி.எஃப். கணக்கு. பணி விலகிய தேதியை அவர்கள் பதிவு செய்யவே இல்லை. கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டால் அந்தத் தேதியை உறுப்பினரே தம் பி.எஃப். எண்ணான யு.ஏ.என். கணக்கில் பதிவு செய்துகொள்ளலாம் என்பதைப் புதிய வேலையில் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணியிடத்தில் சக ஊழியர்கள் செய்யும் மனக் கொடுமைக்கு என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. சம்பளம், சான்றிதழ், சாதி, பாலியல் துன்புறுத்தல் என்று சட்டம் பிடித்துக்கொள்ளக்கூடிய ஓர் இடத்தில் அது வந்து தொடும்போதுதான் நமக்கு வாசல் திறக்கிறது. ஆகவேதான் தாளையும் தேதியையும் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

எங்கள் ஊர்ப் பெண்ணை ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். ஒரிஜினல்களைச் சரிபார்த்து அன்றே திருப்பிக் கொடுப்பீர்களா, பாண்டு உண்டென்றால் அதன் நகல் கிடைக்குமா, ஐ.சி.யு.வில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், உள்ளகக் குழுவில் இருப்பவர்கள் யார் என்று நான்கு கேள்விகளை மரியாதையாகக் கேட்டு எழுதினோம். ஒன்பது நாள் ஆகிறது; இன்னும் பதில் வரவில்லை. அவளும் இன்னும் சேரவில்லை.